நலமான பிறகு நிறுத்தும் மாத்திரை

பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய் திரும்ப வந்து மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறவர்களின் வீட்டாரிடம் விசாரித்தால், பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "நல்லாத்தானே இருக்கார்னு மாத்திரையை நிறுத்திட்டோம் டாக்டர்." நிறுத்திய சில வாரங்களில் தூக்கம் இரண்டு மூன்று மணி நேரமாகச் சுருங்கியிருக்கும். விடிய விடியப் பேச்சு, புதுப்புதுத் தொழில் திட்டங்கள், நகையை அடகு வைத்துச் செலவு, தடுத்தவர்மேல் ஆத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கூடியிருக்கும். மனச்சோர்வுக்கு எதிர்த்துருவமான மனஎழுச்சி இதுதான். அப்போதும் வராமல், கைமீறிய பிறகு நாலு பேர் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். மருந்து கேட்காததால் திரும்பி வருகிறவர்கள் உண்டு. ஆனால் மருந்து நன்றாக வேலை செய்ததையே நோய் தீர்ந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனம் ஆறுவதில்லை. இந்த மறுவரவில் பெரும்பகுதி தடுத்திருக்கக்கூடியது.

எழுச்சியை நோயென்று யாரும் சொல்வதில்லை

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இருதுருவ நோயுள்ளவர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் சிகிச்சையிலேயே இல்லை. மனநல மருத்துவர்கள் போதாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. இருபது வயதுப் பிள்ளை இரவெல்லாம் தூங்காமல் வேலை பார்த்தால் பொறுப்பு வந்துவிட்டது என்கிறோம். கையிலிருந்த பணத்தையெல்லாம் வாரிக்கொடுத்தால் தாராள மனசு என்கிறோம். அதே பிள்ளை மனச்சோர்வில் விழுந்து படுக்கையை விட்டு எழாதபோதுதான் டாக்டர் நினைவுக்கு வருகிறார். அங்கேயும் சோர்வை மட்டும் சொல்லிவிட்டு, ஆறு மாதத்துக்கு முந்தைய ஆட்டத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் இந்த நோய் உள்ள சிலருக்கு அதுவே மனஎழுச்சியைக் கிளப்பிவிடும். ஆகவே தூக்கமும் இல்லாமல் களைப்பும் இல்லாமல் ஒருவர் திரிந்த நாள்கள் முன்பு எப்போதாவது உண்டா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் வீட்டார் சொல்ல வேண்டும்.

கயிறு, கல்யாணம், லேகியம்

"மந்திரித்துக் கயிறு கட்டினோம், இரண்டு மாதத்தில் தெளிந்துவிட்டான், அதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. தெளிந்தது உண்மைதான். இருதுருவ நோயின் இயல்பே அலையலையாக வருவது. சிகிச்சையே கொடுக்காவிட்டாலும் ஒரு மனஎழுச்சி சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகத் தணிந்துவிடும். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தோமோ, கயிறோ லேகியமோ சாமியாரின் திருநீறோ, அதற்குப் பெயர் போய்விடுகிறது. அடுத்த அலை வரும்போது பரிகாரத்தில் குறை என்று இன்னொரு கோயிலுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு அலையிலும் ஒரு படிப்பு, ஒரு வேலை, ஒரு காணித் தோட்டம் போகிறது. தற்கொலை ஆபத்து இந்த நோயில் மிக அதிகம் என்பதால் சில வீடுகளில் ஆளே போய்விடுகிறார். சாமி கும்பிட வேண்டாம் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. கும்பிடுங்கள், மாத்திரையையும் கொடுங்கள். ஆனால் சங்கிலி மட்டும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 மனநோயாளிகள் கருகி இறந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இன்னொரு கொடுமை "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்ற நம்பிக்கை. நோயை மறைத்துக் கல்யாணம் நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக்கூடாதென்று பெண்ணின் மாத்திரை அட்டை பிறந்த வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. கல்யாண வேலை, உறவுக் கூட்டம், ஊர்ப்பயணம் என்று தூக்கம் கெட்டுக் கிடக்கும் நாள்கள் அவை. தூக்கம் கெடுவதே இந்த நோயைத் தூண்டக்கூடியது. மருந்தையும் அந்த நேரம் பார்த்து நிறுத்தினால் என்ன ஆகும்? பிறகு பிரசவம். இந்த நோய் உள்ள பெண்ணுக்குப் பிள்ளை பெற்ற முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை. அப்போது நோய் திரும்பினால் "பேய் பிடித்திருக்கிறது" என்கிறார்கள். கருத்தரிக்க நினைக்கும் முன்பே டாக்டரிடம் பேசியிருந்தால் திட்டமிட்டிருக்கலாம். இந்த நோய்க்குத் தரப்படும் வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும் என்பதால், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்த்து வேறு மருந்து பார்ப்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளையும் பெற்றுக்கொள்ளலாம். மறைக்கத்தான் கூடாது.

மெடிக்கல் ஷாப் வைத்தியம்

பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவது, தூக்கம் வரவில்லையென்று தூக்க மாத்திரையைத் தானாகக் கூட்டிக்கொள்வது, ஊருக்குப் போனால் ஒரு வாரம் விட்டுவிட்டு வந்ததும் இரட்டையாகப் போடுவது: இவற்றை எத்தனை முறை சொல்லித் திருத்துவது? இந்த நோய்க்கான மருந்துகளில் ஒன்றான லித்தியம் சாப்பிடுகிறவர்கள் இதில் விளையாடவே முடியாது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. நாட்டு மருந்துக்காக உப்பில்லாப் பத்தியம் இருந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். கத்திரி வெயிலில் வேர்த்துக் கொட்டியும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ஏறும். வயிற்றுப்போக்கில் ஏறும். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றாலும் ஏறும். கை நடுக்கம் கூடி, வாந்தி வந்து, நடை தள்ளாடி, நாக்குக் குழறினால் அடுத்த வேளை லித்தியத்தைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கான பரிசோதனை: இரத்தத்தில் லித்தியம் அளவு, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், டாக்டர் சொன்ன இடைவெளியில், வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

காலம் முழுக்க மாத்திரையா?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. லித்தியம் சிலருக்கு நாளடைவில் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பாதிக்கும். வேறு சில மருந்துகளால் உடல் எடை கூடும். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் தராசின் மறுதட்டில் என்ன இருக்கிறதென்றும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் 1949இல் லித்தியத்தின் பயனை வெளியிட்டதற்குப் பிறகு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. அப்படியிருந்தும் இன்றுவரை அது கைவிடப்படாததற்குக் காரணம், நோய் மீள்வதையும் தற்கொலையையும் குறைப்பதில் அதற்கிருக்கும் வலு. பக்கவிளைவை இரத்தப் பரிசோதனையில் முன்கூட்டியே பிடித்து மருந்தை மாற்றலாம். ஒரு மனஎழுச்சியில் விற்றுத் தொலைத்த வீட்டை எந்தப் பரிசோதனையும் மீட்டுத் தராது. "பழகிவிடும், அடிமையாகிவிடுவார்" என்ற பயமும் வேண்டாம். மனநிலையைச் சமன்படுத்தும் இந்த மருந்துகள் போதை தருபவை அல்ல. எல்லாருக்கும் ஆயுள் முழுக்கத் தேவைப்படும் என்றும் சொல்லமாட்டேன். குறைக்கலாமா, மாற்றலாமா என்று தாராளமாகக் கேளுங்கள். முடியுமென்றால் டாக்டர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்துவதுதான் நோயை வேகமாகத் திரும்ப அழைக்கும்.

நம்பிக்கைக்கு இடமுண்டு

அமெரிக்க உளவியலாளர் கே ரெட்ஃபீல்டு ஜேமிசன் இந்த நோயைப் பற்றிய பெரிய பாடநூலை எழுதியவர்களில் ஒருவர். தமக்கே இந்த நோய் இருப்பதையும், லித்தியத்தை நிறுத்திப் பட்ட பாட்டையும், பிறகு அதைத் தொடர்ந்து எடுத்து வாழ்வதையும் 1995இல் தம் நூலில் வெளிப்படையாக எழுதினார். மருந்தோடு வேலை, குடும்பம், பெயர் எல்லாம் சாத்தியம் என்பதற்கு அவர் கண்முன் சாட்சி. மாத்திரை போடுவதாலேயே ஒருவர் தீராத நோயாளி என்று வீட்டார் நினைப்பதை முதலில் விட வேண்டும்.

கும்பிட்டுக் கேட்கிறேன்: தூக்கத்தைக் காவல் காத்துக்கொள்ளுங்கள். இரவு வேலையையும் குடியையும் தவிருங்கள். இரண்டு இரவு தொடர்ந்து தூக்கம் குறைந்தாலே, மறுசந்திப்புத் தேதிக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்தும் இலவசம். நேரில் போகத் தயக்கமாக இருந்தாலோ, சாகலாம் என்ற நினைப்பு தலைகாட்டினாலோ, இரவானாலும் பகலானாலும் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று தோன்றும் அன்றைக்கும், நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.