பரண்மேல் பெட்டி

அக்கா மகன் பர்மிங்காமில் இருக்கிறான். போன பிப்ரவரியில் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது, காலை டீயோடு மடிக்கணினியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். “மாமா, இந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க.”

எக்ஸெல் தாள். 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றை ஆறு வருஷம் ராப்பகலாக உட்கார்ந்து சீர்செய்திருக்கிறான். அதற்கு ஆன செலவு நட்டு போல்ட்டுவரைக்கும் அதில் இருந்தது. அடியில் கூட்டுத்தொகை 31,000 பவுண்டுக்குச் சற்று மேல். ரெண்டாவது குழந்தை பிறந்தாயிற்று. வண்டியில் இருப்பதோ ரெண்டே சீட். விற்றுத்தான் ஆக வேண்டும்.

“லாபம் வேண்டாம் மாமா. போட்டது வந்தா போதும்.”

போட்டது வராது. அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே டீயைக் குடித்தேன். நானும் அந்த நாட்டில் பதினெட்டு வருஷம் இருந்தவன். இதே ரகத்தில் ரெண்டு வண்டி வைத்திருந்து விற்றவன். ரெண்டிலும் கையைச் சுட்டுக்கொண்டவன்.

எம்ஜிபியைத் தெரியாதவர்களுக்கு: ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் என்ற சிற்றூரில் 1962 முதல் 1980 வரை செய்த வண்டி. 1,798 சிசி எஞ்சின், ரெட்டை எஸ்யூ கார்புரேட்டர், மணிக்கு நூறு மைலைத் தொட்டுவிடும். ஜாகுவார் வாங்க வசதியில்லாத வாத்தியாரும் குமாஸ்தாவும் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூரை போட்ட ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போயிற்று.

ஐந்து லட்சம் என்ற அந்த எண்ணில்தான் விலையின் சூட்சுமம் இருக்கிறது. அவ்வளவு வண்டி இருந்ததால் உதிரிபாகம் செய்கிறவர்களும் நிறைய. இன்றைக்கும் எம்ஜிபிக்கு ஒரு சாமான் கிடைக்கவில்லை என்று யாரும் உட்கார்ந்துவிடுவதில்லை. 1988-இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளையே தேடியெடுத்து, முழு வண்டிக்கூட்டைப் புதிதாக அடித்து விற்கவே ஆரம்பித்துவிட்டது. ஓட்டுகிறவனுக்கு இது வரம். விற்கிறவனுக்கு இதுவே சங்கடம். “உன் விலை கட்டாது, நானே ஒன்றைச் செய்துகொள்கிறேன்” என்று வாங்க வருகிறவன் எழுந்து போய்விடலாம். குரோம் பம்பர் வைத்த நல்ல ரோட்ஸ்டர் அங்கே பெரும்பாலும் பத்தாயிரத்துக்கும் இருபதாயிரம் பவுண்டுக்கும் நடுவில்தான் கைமாறுகிறது. சீர்செய்யும் செலவு அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும்.

“அப்போ சிங்கர் மட்டும் எப்படி மாமா?” என்றான்.

சரியான கேள்விதான். ராப் டிக்கின்சன் என்ற ஆங்கிலேயர், ஒரு ராக் குழுவில் பாடகராக இருந்தவர், 2009-இல் கலிபோர்னியாவில் சிங்கர் என்ற பட்டறையைத் தொடங்கினார். 964 வகை போர்ஷே 911-ஐ எடுத்துப் பிரித்து, முழுக்க மேம்படுத்திக் கட்டித் தருகிறார்கள். மூலவண்டியைப் போலப் பல மடங்கு விலைக்குப் போகிறது. அங்கே விலை சிங்கர் என்ற பெயருக்கு. வாங்குகிறவன் போர்ஷேயைத் தேடி வரவில்லை, சிங்கரைத் தேடி வருகிறான். நம் வீட்டுக் கொட்டகையில் நாம் செய்த வேலைக்கு அப்படி ஒரு முத்திரை கிடையாது. எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் அதை ஒவ்வொன்றாக நிரூபித்துத்தான் காசு கேட்க வேண்டும்.

நிரூபிப்பது என்றால் என்ன என்று காட்ட, அவனைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப் போனேன்.

வண்டி அழகாகத்தான் இருந்தது. கரும்பச்சை, முகம் பார்க்கலாம். நான் பெயிண்டைப் பார்க்கவில்லை. கதவோரம் முட்டி போட்டேன். முன்சக்கர வளைவிலிருந்து பின்சக்கர வளைவுவரை கதவுக்கு அடியில் நீளமாக ஒரு தகரப் பெட்டி ஓடும். அங்கே அதை ஸில் என்பார்கள். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் இல்லை, மேலே கூரையும் இல்லை. முன்பாதியும் பின்பாதியும் மடங்காமல் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக ஓடும் இந்த ரெண்டு பெட்டிகள்தான். ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்குத் தகரம். வெளியடுக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பனிக்காலத்தில் அந்த நாட்டுச் சாலைகளில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்புத்தண்ணீர் உள்ளே போய் உட்கார்ந்து நடு அடுக்கைத் தின்றுவிடும். உளுத்ததை அப்படியே விட்டு மேலே புதுத் தகரத்தை வைத்து வெல்டு அடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து விற்ற வண்டிகள் எத்தனையோ.

விவரம் தெரிந்தவன் கதவின் இடைவெளியில் விரலை ஓட்டுவான். மேலே குறுகி, கீழே விரிந்திருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது. அடியில் முட்டுக்கொடுக்காமல் ஸில்லை வெட்டியெடுத்து மாற்றியிருக்கிறார்கள். பிறகு ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடுவான். நல்ல வண்டியில் கதவு முன்போலவே சாத்தும். வலுவிழந்த வண்டியில் கதவு சிக்கும். துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றும் அவன் பையில் இருக்கும். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டாது.

மருமகனின் வண்டியில் விரல் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகப் போயிற்று. “உள்ளடுக்கு?” என்றேன். கைபேசியை எடுத்தான். நானூறு படம்! துருப்பிடித்த பழைய தகரம், அதை வெட்டியபின் தெரியும் ஓட்டை, குறுக்கே முட்டுக்கொடுத்த இரும்புச்சட்டம், புது நடு அடுக்கு, வெல்டிங் தையல், அதன்மேல் துருத்தடுப்பு மெழுகு. தேதியோடு. “இதை வெச்சுக்கிட்டா எக்ஸெல்லைக் காட்டுறே?” என்று திட்டினேன். வாங்குகிறவனுக்கு உன் செலவு தேவையில்லை. பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற பயம்தான் அவனுக்கு. அந்தப் பயத்தைத் தீர்க்கும் படம் ஒவ்வொன்றுக்கும் காசு உண்டு.

அடுத்து மேம்படுத்திய விஷயங்கள். இங்கேதான் பலர் ஏமாறுவது. சி.பி. பாயிண்டை எடுத்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தான். யாரும் குறை சொல்லமாட்டார்கள். மூடியைத் திறக்காமல் தெரியவே தெரியாது. ரேடியேட்டருக்கு மின்விசிறி, அதுவும் நல்லது. சிலிண்டர் ஹெட்டில் கெட்டிப்படுத்திய வால்வு சீட்டு: ஈயம் கலந்த பெட்ரோல் 2000 தொடக்கத்திலேயே அங்கே பங்கிலிருந்து போய்விட்டதால் இது கிட்டத்தட்டக் கட்டாயம். 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம்வரை எத்தனால். அது பழைய ரப்பர் குழாயை அரித்துவிடும். குழாய்களையும் மாற்றியிருந்தான். விளம்பரத்தில் இதைத் தனி வரியாகப் போடு என்றேன்.

கியர்பாக்ஸ்தான் பெரிய செலவு. ஓவர்டிரைவ் இல்லாத நாலு கியரைக் கழற்றிவிட்டு, ஃபோர்டு சியாராவில் வந்த ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தியிருந்தான். நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தாது, பக்கத்து சீட்டோடு பேசிக்கொண்டே போகலாம். ஓட்ட ஆசைப்படுகிறவன் இதற்குக் கொஞ்சம் கூடுதலாகத் தருவான். அசல் வேண்டும் என்கிறவன் உதட்டைப் பிதுக்குவான். பின்னால் பழைய நெம்புகோல் ஷாக் அப்சார்பருக்குப் பதில் டெலஸ்கோப்பிக். இதற்கும் அதே கதை.

ஆனால் இந்த ரெண்டு பேரையுமே சமாதானப்படுத்த ஒரு வழி உண்டு. மாற்றியதெல்லாம் நட்டு போல்ட்டால் மாற்றியதா, வெட்டி மாற்றியதா? நட்டு போல்ட்டானால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழையபடி ஆக்கிவிடலாம். வெட்டியிருந்தால் முடியாது. ரோவர் வி8 எஞ்சினைத் திணித்து, எக்ஸாஸ்டுக்காக உள்மட்கார்டில் ஓட்டை போட்ட எம்ஜிபிகளைப் பார்த்திருக்கிறேன். ஓட்டச் சுகமான வண்டிகள்தான். விற்கும்போது மட்டும், அதேமாதிரி வண்டியைத் தேடிக்கொண்டிருக்கும் இன்னொரு கிறுக்கன் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

“கழற்றுன பழைய சாமான் எல்லாம் எங்கடா?”

முழித்தான். “பரண்ல ஏதோ பெட்டி கெடக்கு மாமா. தூக்கிப் போடணும்னு இருந்தேன்.”

என் கதையைச் சொன்னேன். என் முதல் வண்டி 1966. ரெட்டை எஸ்யூவைச் சரிப்படுத்தப் பொறுமையில்லாமல் ஒற்றை வெபர் கார்புரேட்டர் போட்டேன். எஸ்யூ ரெண்டையும், அதோடு வந்த மேனிஃபோல்டையும் பழைய இரும்போடு சேர்த்து அனுப்பிவிட்டேன். விற்கும் நாளில் வந்தவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்து, “பழசு வைத்திருக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். 700 பவுண்டு குறைத்துத்தான் கையை நீட்டினார். வெபர் வாங்கிய செலவைவிட அது அதிகம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சங்கடம் இருந்தது. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் கட்டணம் கட்டினால், பழைய தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து அந்த வண்டி எந்த நாளில் கட்டப்பட்டது, எந்த நிறம், எஞ்சின் எண் என்ன, எந்த நாட்டுக்கு என்று சான்றிதழ் தருவார்கள். இவன் வாங்கி வைத்திருந்தான். அதில் வெண்கல மஞ்சள் என்று இருந்தது. வண்டியோ கரும்பச்சை. மறைக்காதே, சான்றிதழின் படத்தையே விளம்பரத்தில் போடு என்றேன். எஞ்சின் எண் பொருந்துகிறது. அதுதான் பெரிய விஷயம். மஞ்சள் பிடித்தவர்களும் உலகத்தில் குறைவு.

காகிதங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நம் ஆர்.சி. புக் போல அங்கே வி5சி. நாற்பது வயது தாண்டிய வண்டிக்குச் சாலைவரி கிடையாது. ஆனாலும் பூஜ்யம் என்று பதிவு செய்தாக வேண்டும், புது உடைமையாளர் தன் பெயரில் மறுபடி செய்ய வேண்டும். 2018 மே முதல், நாற்பது வயதானவற்றுக்கு வருடாந்திர எம்ஓடி தகுதிச்சோதனையும் கட்டாயமில்லை, கடந்த முப்பது வருஷத்தில் பெரிதாக மாற்றியமைக்காமல் இருந்தால். கியர்பாக்ஸ், இக்னிஷன் மாற்றத்துக்கெல்லாம் சிக்கல் வராது. நாலு சிலிண்டர் இருந்த இடத்தில் எட்டு வந்திருந்தால் கேள்வி வரும். கட்டாயமில்லை என்றாலும் விற்கும் முன் ஒரு எம்ஓடி எடுத்துவிடு என்று சொன்னேன். மூன்றாம் மனிதன் ஒருவன் அடியில் படுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது, நாம் வாயால் சொல்லும் நூறு வார்த்தைக்குச் சமம். இன்னொன்று: சொந்த உபயோகக் காரை விற்ற லாபத்துக்கு அங்கே மூலதன ஆதாய வரி இல்லை. இவன் விஷயத்தில் அது பரிகாசம் மாதிரி இருந்ததால் சொல்லாமல் விட்டேன்.

டீ ரெண்டாம் சுற்று வந்தது. விளம்பரத்தை அவனே எழுதினான், நான் அடித்தேன். “புத்தம் புதுசு மாதிரி” போயிற்று. “செலவு 31,000” போயிற்று. என்ன செய்தது, யார் செய்தது, எந்த வருஷம் என்று வந்தது. ஹூட்டின் ஓரத்தில் சின்னக் கிழிசல், மழையில் இடது பக்கக் கார்ப்பெட் நனையும் என்பதையும் எழுத வைத்தேன். நேர்மை ஒரு காரணம். இன்னொரு காரணம் சட்டம்: தனியாள் விற்றாலும் சொன்னது பொய்யாக இருந்தால் வாங்கியவன் வழக்குப் போடலாம். வருகிறவர் ஓட்டிப் பார்க்கக் கேட்டால் அவருடைய காப்பீட்டைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடு. முக்கியமாக, அவர் வரும் முன் எஞ்சினைச் சூடு பண்ணி வைக்காதே. குளிர்ந்த எஞ்சின் அவர் கண்முன்னால் செல்ஃபில் பிடிக்கட்டும்.

ஏலத்துக்கு விடலாமா என்று கேட்டான். விற்கிறவனிடமும் வாங்குகிறவனிடமும் கமிஷன் எடுத்துக்கொள்வார்கள். அபூர்வ வண்டிக்கு அது சரி, எம்ஜிபிக்கு வேண்டாம் என்றேன். கூரையில்லாத வண்டியைப் பிப்ரவரி மழையில் யார் வாங்குவார்கள், ஏப்ரல்வரை பொறு என்றும் சொன்னேன்.

16,000 கேட்டான். மே முதல் வாரம் 14,600-க்குப் போயிற்று. வந்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளராம். ஷாக் அப்சார்பர் ரெண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் சாமான், பழைய ஸ்டியரிங் சக்கரம் எல்லாம் செய்தித்தாளில் சுற்றியபடி பெட்டியில் அப்படியே இருந்திருக்கின்றன. கியர்பாக்ஸ் மட்டும் இல்லை. புதியதைப் பொருத்திய பட்டறைக்காரர் பழையதை எடுத்துக்கொண்டுவிட்டார், இவனும் கேட்கவில்லை. பேரத்தில் கடைசியாகக் குறைந்த 400 பவுண்டு அதற்குத்தானாம்.

பழைய வண்டி ஒன்றைப் பிரித்துப்போட்டு வேலை பார்த்துக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால், ஒன்று செய்யுங்கள். கழற்றும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டுக் கட்டிப் பெட்டியில் போடுங்கள். பட்டறையில் மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கி வாருங்கள். பெட்டியின்மேல் வண்டி எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள், வீட்டில் யாரும் தூக்கிப் போட்டுவிடாமல்.