கால் வீக்கம்தானே என்று இருந்துவிடாதீர்கள்

"பிள்ளைத்தாய்ச்சிக்குக் கால் வீங்குவது வழமைதானே" என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் சொல்வார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் முகமும் கைவிரல்களும் திடீரென ஊதி, மோதிரம் கழற்ற முடியாமற் போனால் அது வேறு கதை.

முன்சூல்வலிப்பு எனப்படும் இந்நோய் 20 வாரங்களுக்குப் பின்னரே பெரும்பாலும் தோன்றும். இளங்கொடிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் போதியளவு விரிவடையாததே இதன் தொடக்கம் என்று கருதப்படுகிறது. தாயின் பிரசர் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறும். சிறுநீரில் புரதம் போகலாம். சிறுநீரகம், ஈரல், மூளை என்பனவும் பாதிக்கப்படலாம். உப்புக் கூடியதாலோ மாமியாருடன் கோபப்பட்டதாலோ வருவதல்ல. தாயைக் குற்றஞ்சொல்ல இதில் ஒன்றுமில்லை.

தொடக்கத்தில் தாய்க்கு எதுவுமே தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு கிளினிக்கிலும் பிரசரும் சிறுநீரும் பார்க்கிறார்கள். "நல்லாத்தானே இருக்கிறேன்" என்று கிளினிக்கைத் தவறவிடுபவர்களைக் கண்டால் எமக்குக் கோபம் வருவதுண்டு.

விடாத கடுந்தலையிடி, கண்ணில் மின்னல் அல்லது மங்கல், வலது விலாவுக்குக் கீழே நோ, வாந்தி. இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மகப்பேற்றுப் பிரிவுக்கு அழையுங்கள். எங்களிடம் நேரம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். வலிப்பு வந்தால், இங்கே பிரித்தானியாவில் 999. மொழி சிக்கலென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணமில்லை. கணவர் சுருக்கிச் சொல்லும்போது முக்கியமானதே விடுபட்டுவிடுகிறது.

லபெட்டலோல், நிபெடிபின் போன்ற மருந்துகள் பிரசரைக் கட்டுப்படுத்தும், நோயை மாற்றா. குழந்தையும் இளங்கொடியும் வெளியே வந்தால்தான் நோய் தணியும். ஆகவே சிலவேளை மாதம் நிறையுமுன்பே பிரசவம் பார்க்கவேண்டி வரும். கடுமையான நிலையில் கொடுக்கப்படும் மக்னீசியம் சல்பேற்று வலிப்பு வரும் ஆபத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்பதை 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. முன்பு இந்நோய் வந்தவர்கள், நீரிழிவு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு 12ஆம் வாரத்திலிருந்து சிறிதளவு அஸ்பிரின் கொடுப்பதுண்டு. வைத்தியர் சொல்லாமல் நீங்களாக எடுக்காதீர்கள்.

பிள்ளை பிறந்துவிட்டதே என்று எல்லோரும் ஆறும் நேரமும் ஆபத்தானதே. வீட்டுக்கு வந்து நாலாம் நாள் தலையிடித்த இளந்தாய் ஒருவருக்குப் பனிக்குளிர் என்று காயச்சரக்குக் கொடுத்து, பனடோலும் கொடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள். நாம் பார்த்தபோது பிரசர் 170/112. அம்புலன்ஸில் அனுப்பினோம், தாயும் பிள்ளையும் இன்று நலம். பிரசவத்தின் பின் ஆறு வாரம்வரை இது வரலாம். வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய்க்கான சாத்தியமும் கூட. அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்து பிரசரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.