ஈரம் காயும் முன்

மெசெல் குழியில் வெட்டியெடுத்த எண்ணெய்ப் பாறையைக் காயவிட்டால் ஏடு ஏடாகப் பிரிந்து, விளிம்பு சுருண்டு, கடைசியில் அப்பளம் போல நொறுங்கிவிடும். அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு தண்ணீர். அது வற்றினால் பாறையோடு சேர்ந்து, உள்ளே சுமார் 4.8 கோடி ஆண்டுகளாகக் கிடந்த வௌவாலும் நரி அளவுக் குதிரையும் பொடியாகும். அதனால் ஜெர்மனியின் பிராங்பேர்ட்டுக்குத் தெற்கே இருக்கும் இந்தக் குழியில் கிடைக்கும் புதைபடிவத்தை ஈரத் தாளும் பிளாஸ்டிக்கும் சுற்றித்தான் ஆய்வறைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே எலும்புக்கூட்டின் ஒரு பக்கத்தை ஊசியாலும் சிறு கத்தியாலும் சுத்தம் செய்து, சுற்றிலும் வரப்பு போலக் கரை கட்டி, அதற்குள் செயற்கைப் பிசினை ஊற்றுகிறார்கள். பிசின் இறுகியதும் பலகையைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பாறையைத் துளித்துளியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். பாறை முழுவதும் போய், எலும்புகள் தேன்நிறப் பலகையில் பதிந்து நிற்கும். பூச்சிக்கும் இலைக்கும் இந்த வைத்தியம் ஒத்துவராது. அவற்றைக் கிளிசரினில் போட்டு வைப்பதுதான் வழி.

1960களில் வழக்கத்துக்கு வந்த இந்தப் பிசின் முறையில் கைதேர்ந்தவர்கள் அருங்காட்சியகச் சம்பளக்காரர்கள் மட்டும் அல்லர். சுரங்க வேலை நின்றபின் குழியைக் குப்பைக் கிடங்காக்கத் திட்டம் போடப்பட்டது. எல்லாம் மண்ணுக்குள் போய்விடுமே என்று 1970களில் அங்கே ஓடி ஓடித் தோண்டிய தனியார் சேகரிப்பாளர்கள் பலரும் இதே வேலையைக் கற்று, நுணுக்கமாகச் செய்தார்கள். உள்ளூர்க்காரர்களும் அறிஞர்களும் போராடியதில் குப்பைத் திட்டம் கைவிடப்பட்டது. 1995இல் மெசெல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இதிலிருந்து எனக்குத் தோன்றுவது ஒன்று. அருங்காட்சியகத்தின் பின்னறையில் நடக்கும் வேலைக்கு நம்பகத்தன்மை தருவது செய்முறையும் அதோடு எழுதி வைக்கும் குறிப்பும். செய்கிறவர் சம்பளம் வாங்குகிறாரா என்பது வேறு கேள்வி. அதுவும் முக்கியமான கேள்விதான், ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

பிராங்பேர்ட்டின் சென்கன்பெர்க் அருங்காட்சியகம் தோன்றிய விதமே இதற்குச் சான்று. அதை எந்த மன்னரும் கட்டவில்லை. 1817இல் அந்நகரத்துக் குடிமக்கள் கூடி ஓர் இயற்கை ஆய்வுச் சங்கம் தொடங்கினார்கள்; சங்கம் வைத்த அலமாரிகள்தான் அருங்காட்சியகமாக வளர்ந்தன. வணிகக் குடும்பத்தில் பிறந்த எட்வார்ட் ரூப்பெல், வடகிழக்கு ஆப்பிரிக்காவில் அலைந்து சேர்த்த விலங்குகளையும் பறவைகளையும் அங்கேதான் கொடுத்தார். ஆனால் கதையின் கனமான பகுதி டில்லி எடிங்கருடையது. 1897இல் பிராங்பேர்ட்டில் பிறந்த இவர், 1927 முதல் சென்கன்பெர்க்கின் முதுகெலும்பிப் புதைபடிவங்களுக்குப் பொறுப்பாளர். சம்பளம் கிடையாது. மூளை அழுகிவிடும், கல்லாகாது. ஆனால் மண்டையோட்டின் குழிக்குள் வண்டல் புகுந்து இறுகினால், மூளையின் வெளி வடிவம் அச்சில் வார்த்தது போல நின்றுவிடும். உலகெங்கும் சிதறிக் கிடந்த அத்தகைய வார்ப்புகளைப் பற்றிய செய்திகளை எல்லாம் திரட்டி, 1929இல் 'புதைபடிவ மூளைகள்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். அதிலிருந்து ஒரு புதிய துறையே எழுந்தது.

ஊதியமில்லாத கைகளிடம் அரிய பொருளை நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் வலுவான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. 'இடா' என்று செல்லப்பெயர் பெற்ற, குரங்கினத்தின் தூரத்து உறவான விலங்கு 1983இல் மெசெலில் தனியார் கைக்குக் கிடைத்தது. அது இரண்டு பலகைகளாகப் பிரிந்து, வெவ்வேறு பக்கம் விற்பனைக்குப் போயிற்று. அமெரிக்காவின் வயோமிங் போய்ச் சேர்ந்த பலகையில், இல்லாத பகுதிகளைச் செய்து ஒட்டியிருந்தது பிறகு தெரியவந்தது. முழுமையான பலகை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, ஓஸ்லோ அருங்காட்சியகம் வாங்கியபின் 2009இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. கேட்பவர்களின் கவலை நியாயம். ஆனால் இங்கே கெட்டது எது? சுரண்டிய கை திறமையான கை. இல்லாவிட்டால் இடாவின் ரோமச் சாயலும் கடைசியாகத் தின்ற உணவும் இன்று தெரிந்திருக்காது. கெட்டது, வேலை நடந்த இடம் அருங்காட்சியகத்துக்கு வெளியே இருந்ததும், எதை எடுத்தோம் எதை ஒட்டினோம் என்ற குறிப்பு பொருளோடு போகாததும். அதே ஆர்வலரைப் பின்னறைக்குள் அழைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வைத்திருந்தால் ஒட்டுவேலைக்கு இடம் ஏது?

சென்னைக்கு இது புதிதல்ல. ராபர்ட் புரூஸ் ஃபூட் நிலவியல் அளவைத் துறையில் சம்பளம் வாங்கியவர். ஆனால் 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டதும், அதன்பின் பல பத்தாண்டுகள் சேர்த்ததும் அவருடைய சொந்த ஆர்வத்தில். 1904இல் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்த அந்தச் சேகரிப்பின் விவரப் பட்டியல் அவர் இறந்தபின் அச்சானது. எது எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதி வைத்திருந்ததால்தான் அது கல் குவியலாகாமல் வரலாறாக நிற்கிறது.

உழைப்புக்குக் கூலி கொடுக்காமல் இருப்பது நியாயமா என்ற இரண்டாவது ஆட்சேபத்துக்கு இவ்வளவு எளிதில் பதில் சொல்ல முடியாது. ஊதியமில்லாப் பணியை ஜெர்மன் மொழியில் 'கௌரவப் பதவி' என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள். கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் நம் அரசுக் கல்லூரிகளில் என்ன சம்பளம் கிடைக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் சூட்சுமம் புரியும். எடிங்கரால் சம்பளமில்லாமல் பதினோரு ஆண்டு உழைக்க முடிந்தது, குடும்பத்தில் வசதி இருந்ததால். வசதியில்லாத வீட்டில் பிறந்த இன்னொரு டில்லி அந்தக் கதவைத் தட்டியிருக்கவே மாட்டார். ஆகவே, எந்த வேலையை நிறுத்தினால் பொருள் கெடுமோ அதற்குச் சம்பளம் கொடுத்தே தீர வேண்டும். மெசெல் பாறையைக் காயாமல் காப்பது ஓய்வுநாளுக்குக் காத்திருக்கும் காரியமில்லை. அந்த அடிப்படை இருந்தால், அதற்கு மேல் ஆர்வலர் செய்வது கூடுதல். அடிப்படை இல்லாத இடத்தில் ஆர்வலரைக் கொண்டு ஓட்டையை அடைப்பது, சேவை என்ற பெயரில் செய்யும் சிக்கனம்.

ஆனாலும் ஊதியமின்மைக்கு எதிர்பாராத ஒரு பக்கமும் இருந்தது. 1933இல் நாஜி அரசு யூதர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கியபோது, சென்கன்பெர்க் தனியார் சங்கத்துடையது; யூதரான எடிங்கரோ அரசு ஊழியர் அல்லர். அதனால் வேலை பறிபோகவில்லை. கதவிலிருந்த பெயர்ப்பலகை போனது. பக்கவாசல் வழியாக வந்து, இயக்குநர் ருடால்ப் ரிக்டரின் ஆதரவில் வேலையைத் தொடர்ந்தார். யூதர்களுக்கு எதிரான 1938 நவம்பர் வன்முறைக்குப் பிறகு அதுவும் முடிந்தது. மறு ஆண்டு லண்டன், 1940இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் அருங்காட்சியகம். 1948இல் குதிரை மூளையின் பரிணாமம் பற்றி அவர் வெளியிட்ட பெரிய நூல், பிராங்பேர்ட்டில் சம்பளமில்லாமல் தொடங்கிய அதே கேள்வியின் தொடர்ச்சிதான்.