ஜி-சிங்க், ஃப்ரீசிங்க்: திரை காத்திருக்கக் கற்றுக்கொண்ட கதை

கேம் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு தூணுக்கு எதிரே போய் நில்லுங்கள். மவுஸைச் சட்டென்று வலப்பக்கம் இழுங்கள். சாதாரண மானிட்டராக இருந்தால் அந்தத் தூண் ஒரு கணம் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். மேல் பாதி ஓரிடத்தில் இருக்கும், கீழ்ப் பாதி இரண்டு விரற்கடை தள்ளி நிற்கும். கண் அதைப் பிடிப்பதற்குள் வெட்டு மறைந்துவிடும். அடுத்த திருப்பத்தில் வேறொரு உயரத்தில் மறுபடி வரும். இதற்கு டியரிங் என்று பெயர்.

கிராபிக்ஸ் கார்டிலும் கோளாறு இல்லை, மானிட்டரிலும் கோளாறு இல்லை. இரண்டும் ஆளுக்கொரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வதால் வரும் வினை இது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லி செகண்டுக்கு ஒரு முறை, படத்தைப் புதுப்பிக்கும். இதில் மாற்றமே கிடையாது. கிராபிக்ஸ் கார்டுக்கு அப்படி ஒரே அளவு வேலை வருவதில்லை. வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு ஃபிரேமை 8 மில்லி செகண்டில் வரைந்து முடித்துவிடும். புகையும் வெடிப்பும் பத்து எதிரிகளும் ஒன்றாக வந்தால் அதே கார்டுக்கு 25 மில்லி செகண்ட் பிடிக்கும். மானிட்டரோ படத்தை ஒரே வீச்சில் காட்டுவதில்லை; மேலிருந்து கீழாக வரி வரியாக நிரப்புகிறது. பாதி நிரப்பிய வேளையில் கார்டு அடுத்த ஃபிரேமை நீட்டினால் மீதிப் பாதி அதிலிருந்து வரும். சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர் மேல் தாளை ஒரு படத்திலிருந்தும் கீழ்த் தாளை இன்னொரு படத்திலிருந்தும் எடுத்து ஒட்டிவிட்டது போலத்தான்.

இந்த மாறாத தாளம் பழைய பிக்சர் டியூப் டிவியிலிருந்து வந்த சொத்து. தொடக்க கால டிவிகள் அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அலைவெண்ணை ஒட்டியே படத்தைப் புதுப்பித்தன. அமெரிக்காவில் 60, நம் ஊரில் 50. பிக்சர் டியூப் போய் எல்சிடி வந்த பிறகும் தாளம் அப்படியே தங்கிவிட்டது.

டியரிங்குக்குப் பழைய மருந்து வி-சிங்க். திரை ஒரு படத்தை முழுதாகக் காட்டி முடிக்கும்வரை கார்டு அடுத்ததைக் கொடுக்கக் கூடாது என்பது அதன் கட்டளை. வெட்டு நின்றுவிடும், ஆனால் வேறு தொல்லை வரும். நேரப்படி கிளம்பும் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் தாமதமாக வந்தாலும் அடுத்த பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும். அதே போல, ஒரு ஃபிரேம் 17 மில்லி செகண்டில் தயாரானால் 16.7-க்குக் கிளம்பிய பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது. இனி அது 33.3 வரை காத்திருக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் இப்படி மயிரிழையில் தவறினால் 60-க்குப் பக்கத்தில் ஓட வேண்டிய கேம் 30-க்கு விழுந்துவிடும். சில ஃபிரேம்கள் மட்டும் தவறினால் நடை திக்கித் திக்கிப் போகும். கூடவே மவுஸை அசைப்பதற்கும் திரை அசைவதற்கும் நடுவே ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வேகமான கேம் ஆடுகிறவர்களுக்கு இந்தக் கனம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல்.

அடாப்டிவ் ரிஃப்ரெஷ் ரேட் இந்த உறவைத் தலைகீழாக்கியது. கார்டு திரைக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டுத் திரை கார்டுக்காகக் காத்திருக்கும். டவுன் பஸ் ஷேர் ஆட்டோ ஆகிவிட்டது. ஆள் ஏறியவுடன் வண்டி கிளம்பும்.

இதைச் செய்யப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிக்சர் டியூபில் எலெக்ட்ரான் கற்றை கடைசி வரியை வரைந்த பிறகு மறுபடி மேலே போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் படம் எதுவும் வராது. எல்சிடியில் கற்றையே இல்லை; ஆனாலும் சிக்னலில் அந்த வெற்று இடைவெளி மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஃபிரேம் தயாராகும்வரை அந்த இடைவெளியை நீட்டிக்கொண்டே போனால் போதும், திரை காத்திருக்கிறது என்று பொருள். வரிகளை நிரப்பும் வேகமும் குறைவதில்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 ஃபிரேம் காட்டும்போதும் ஒவ்வொரு படத்தையும் சுமார் 7 மில்லி செகண்டில் நிரப்பிவிட்டு, மீதி நேரம் சும்மா நிற்கும்.

எல்லையில்லாமல் நிற்கவும் முடியாது. எல்சிடியின் ஒவ்வொரு புள்ளியும் ஏற்றி வைத்த மின்னேற்றத்தால்தான் தன் நிலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேரம் ஆக ஆக அது கசியும், வெளிச்சம் நழுவும். அதனால் ஒவ்வொரு மானிட்டருக்கும் மேல் எல்லை இருப்பது போல, 30, 40, 48 ஹெர்ட்ஸ் என்று ஒரு கீழ் எல்லையும் உண்டு. இந்தக் கீழ் எல்லையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கார்டு நிறுவனங்களுக்கு நடுவே நடந்த போட்டியின் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

முதலில் களத்தில் இறங்கியது கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா. 2013 அக்டோபரில் மான்ட்ரியலில் ஜி-சிங்க்கை அறிவித்தது. மானிட்டருக்குள் வழக்கமாக இருக்கும் கட்டுப்பாட்டு சிப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன் சொந்த போர்டை வைத்தது. அந்த போர்டில் இருந்தது எஃப்பிஜிஏ, அதாவது தயாரித்து முடித்த பிறகும் சுற்றமைப்பை மாற்றி எழுதக்கூடிய விலை உயர்ந்த சிப். கூடவே 768 எம்பி மெமரி. ஆசஸ் நிறுவனத்தின் ஒரு மானிட்டரை வீட்டிலேயே திறந்து பொருத்திக்கொள்ள இதைத் தனி கிட்டாகவும் விற்றார்கள். விலை 199 டாலர். என்விடியா கார்டு இருந்தால்தான் வேலை செய்யும் என்ற நிபந்தனை வேறு.

2014 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில், என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி இரண்டு சாதாரண தோஷிபா லேப்டாப்களை மேசையில் வைத்தது. தனி போர்டு எதுவும் இல்லை. ஆனாலும் திரை கார்டின் நடைக்கு ஏற்ப மாறியது. லேப்டாப் திரைகளுக்கான இணைப்புத் தரத்தில், பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக ரிஃப்ரெஷ் ரேட்டைக் குறைக்கும் வசதி முன்பே இருந்தது. அதையே ஏஎம்டி கேமுக்குத் திருப்பிவிட்டது. அதே ஆண்டு மே மாதம், திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு அதை அடாப்டிவ்-சிங்க் என்ற பெயரில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ தரத்தில் சேர்த்துக்கொண்டது. உரிமக் கட்டணம் இல்லை. ஏஎம்டி தன் பங்குக்கு இதற்கு வைத்த பெயர் ஃப்ரீசிங்க். 2015 மார்ச்சில் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் மக்கள் கைக்கு வந்தன.

இலவசமாகக் கிடைக்கும் ஒன்று கட்டாயமும் இல்லாததாக இருந்தால் என்ன ஆகும்? ஆளுக்கு ஆள் தங்களுக்கு வசதியான அளவில் செய்தார்கள். 48-லிருந்து 75 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வேலை செய்யும் மானிட்டரிலும் ஃப்ரீசிங்க் ஸ்டிக்கர் இருந்தது. கேம் 45 ஃபிரேமுக்கு இறங்கியதும், அதாவது உதவி மிகவும் தேவைப்படும் நேரத்தில், வசதி கைவிட்டுவிடும்.

ஜி-சிங்க் போர்டு இந்த இடத்தில் தன் மெமரியில் இருக்கும் ஃபிரேமையே இரண்டு முறை காட்டிச் சமாளித்தது. ஏஎம்டி 2015 நவம்பரில் இதே உத்தியைத் தன் டிரைவரில் கொண்டுவந்து எல்எஃப்சி என்று பெயரிட்டது. கணக்கு எளிது. 48-லிருந்து 144 வரை போகும் மானிட்டரில் கேம் 40-க்கு இறங்கினால், ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு தரம் காட்டினால் 80 ஆகிவிடும். 80 எல்லைக்குள் இருக்கிறது. 48-லிருந்து 75 வரை போகும் மானிட்டரில் அந்த 80-க்கு இடமே இல்லை. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் குறைந்தது இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும். ஏஎம்டி முதலில் இரண்டரை மடங்கு கேட்டது.

ஜி-சிங்க்குக்கு இன்னொரு பலமும் இருந்தது, அதைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. அதன் பெயர் ஓவர்டிரைவ். எல்சிடியின் திரவப் படிகம் மெதுவாகத் திரும்பும் பொருள். அதை விரைவுபடுத்தக் கொஞ்சம் கூடுதல் மின்னழுத்தம் கொடுத்து உந்துவார்கள். கனமான கதவைத் திறப்பது போன்ற வேலை இது: பலமாகத் தள்ள வேண்டும், சுவரில் மோதுமுன் பிடிக்கவும் வேண்டும். எப்போது பிடிப்பது என்பது அடுத்த ஃபிரேம் எப்போது வரும் என்பதைப் பொறுத்தது. ரிஃப்ரெஷ் ரேட் மாறாதபோது அது தெரிந்த விஷயம். மாறிக்கொண்டே இருக்கும்போது ஊகிக்கத்தான் வேண்டும். 144 ஹெர்ட்ஸுக்கு அளந்து வைத்த உந்துதல் 60-க்கு மிகையாகிவிடும்; ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று இழுபடும். என்விடியாவின் போர்டு முந்தைய ஃபிரேம்களின் நேரத்தைப் பார்த்து அடுத்ததை ஊகித்து உந்துதலை உடனுக்குடன் மாற்றியது. காசு வாங்கியதற்கு உண்மையான வேலை செய்தது என்று மனதாரச் சொல்வேன்.

ஆனால் எல்லோருக்கும் அந்தக் காசு கட்டாது. 2018-இல் வந்த 4கே ஹெச்டிஆர் ஜி-சிங்க் மானிட்டர்கள் 2,000 டாலரைத் தொட்டன. உள்ளிருந்த போர்டைக் குளிர்விக்க மானிட்டருக்குள் ஒரு ஃபேன் ஓடியது. இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2015-இல், என்விடியா தன் லேப்டாப் ஜி-சிங்க்கைத் தனி போர்டு இல்லாமல்தான் கொண்டுவந்திருந்தது. அடிப்படை வேலைக்கு போர்டு தேவையில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

திருப்பம் 2019 ஜனவரியில் வந்தது. வெசாவின் அடாப்டிவ்-சிங்க் உள்ள மானிட்டர்களைத் தன் கார்டுகளிலும் இயக்கலாம் என்று என்விடியா கதவைத் திறந்தது. சுமார் 400 மானிட்டர்களைச் சோதித்ததில் 12 தேறின என்று அறிவித்து, தேறியவற்றுக்கு ஜி-சிங்க் கம்பேட்டிபிள் என்று முத்திரை கொடுத்தது. தேறாதவற்றிலும் பயனரே வசதியை இயக்கிப் பார்க்கலாம். அன்று முதல் மானிட்டர் வாங்குகிறவர் எந்த கார்டுக்காரர் என்ற கேள்வி கிட்டத்தட்ட காலாவதியாகிவிட்டது. ஏஎம்டியும் தன் வீட்டை ஒழுங்குபடுத்தியது: 2020-இல் ஃப்ரீசிங்க், பிரீமியம், பிரீமியம் ப்ரோ என்று மூன்று படி வைத்தது. பிரீமியத்துக்குக் குறைந்தது 120 ஹெர்ட்ஸும் எல்எஃப்சியும் அப்போது கட்டாயமாக இருந்தன. ப்ரோவில் ஹெச்டிஆரும் சேரும்.

டிவியிலும் கேம் கன்சோல்களிலும் வேறொரு வழி. 2017 நவம்பரில் வெளியான ஹெச்டிஎம்ஐ 2.1 தரத்திலேயே விஆர்ஆர் என்ற பெயரில் இதே வசதி இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-க்கு அது 2022 ஏப்ரலில்தான் வந்தது. அதுவும் ஹெச்டிஎம்ஐ விஆர்ஆர் உள்ள திரையில் மட்டும். எக்ஸ்பாக்ஸ் ஃப்ரீசிங்க்கையும் ஏற்றுக்கொள்ளும். கன்சோலுக்காக மானிட்டர் வாங்குகிறவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் ஏமாந்துபோவார்.

2024 ஆகஸ்டில் மீடியாடெக் நிறுவனத்தோடு சேர்ந்து, ஜி-சிங்க்கின் வேலைகளை மானிட்டரின் சாதாரண கட்டுப்பாட்டு சிப்புக்குள்ளேயே வைக்கப்போவதாக என்விடியா அறிவித்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் தூக்கி எறிந்த சிப்பின் இடத்துக்கே ஜி-சிங்க் திரும்பி வந்துவிட்டது.

கடைக்குப் போகும்போது ஸ்டிக்கரைவிட எண்ணைப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அடாப்டிவ்-சிங்க் எத்தனையிலிருந்து எத்தனை ஹெர்ட்ஸ் வரை என்று கேளுங்கள். 48-144 என்றால் சரி. 48-75 என்றால் தயங்குங்கள். பேனல் வகையையும் கேளுங்கள்: விஏ பேனலிலும் ஓலெட்டிலும் ஃபிரேம் விகிதம் தாவும்போது இருண்ட காட்சிகள் மினுக்கக்கூடும், குறிப்பாக கேம் லோடாகும் திரைகளில். இருட்டான கேம்களையே விரும்பி ஆடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வாங்கி வந்த பிறகு கேபிள். என் அக்கா மகன் புது மானிட்டரை மாட்டிவிட்டு, "மாமா, அந்த ஆப்ஷனே வரல" என்று போன் செய்தான். பெட்டியில் வந்த ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகியிருந்தான். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாற்றச் சொன்னேன், ஆப்ஷன் வந்துவிட்டது. பழைய ஹெச்டிஎம்ஐ வழியாக ஃப்ரீசிங்க் ஓட்டுவது ஏஎம்டியின் தனி ஏற்பாடு. என்விடியா கார்டு இருந்தால், மானிட்டரில் ஹெச்டிஎம்ஐ 2.1 விஆர்ஆர் இல்லாதவரை, டிஸ்ப்ளேபோர்ட்தான் வழி. பல மானிட்டர்களில் அதன் சொந்த மெனுவிலும் அடாப்டிவ்-சிங்க்கைத் தனியாக இயக்க வேண்டும். டிரைவரில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

கடைசியாக ஃபிரேம் வரம்பு. கேம் மானிட்டரின் மேல் எல்லையைத் தாண்டி ஓடினால் அடாப்டிவ்-சிங்க் விலகிக்கொள்ளும்; டியரிங்கோ வி-சிங்க்கின் கனமோ திரும்பிவிடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 140 என்று வரம்பு வைத்துவிடுங்கள். பிறகு மானிட்டர் மெனுவில் ரிஃப்ரெஷ் ரேட் காட்டும் வசதி இருந்தால் அதை இயக்கிவிட்டு, அந்தத் தூணுக்கு எதிரே மறுபடி போய் நில்லுங்கள். மவுஸை இழுக்க இழுக்க மூலையில் 112, 97, 131 என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். தூண் முழுசாக நிற்கும்.