வணிகத் தகவல் தொடர்புத் தேர்வு: மதிப்பெண் எங்கே குறைகிறது?

வணிகவியல் மாணவர்களில் பெரும்பாலோர் கணக்குப் பதிவியலுக்கும் வணிகச் சட்டத்திற்கும் அஞ்சுவர். வணிகத் தகவல் தொடர்புத் தாளை எளிதென்று கருதி, படிப்பதற்கு இறுதி வாரத்தை ஒதுக்குவர். முகவரியை எந்தப் பக்கம் எழுத வேண்டும், விளிச்சொல் எது, முடிப்பில் என்ன எழுத வேண்டும் என்பவற்றை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்பது அவர்களது எண்ணம். முடிவு வெளியாகும்போது ஏமாற்றம் காத்திருக்கிறது. ஆங்கிலம் போதாமையே காரணம் என்று மாணவரும் பெற்றோரும் முடிவு கட்டிவிடுகின்றனர். விடைத்தாள்களைக் கூர்ந்து நோக்கினால் காரணம் பெரிதும் வேறு என்பது புலனாகும்.

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் ஃபவுண்டேஷன் தேர்வை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2017-இல் நடைமுறைக்கு வந்த கல்வித் திட்டத்தின்படி, இத்தேர்வின் இரண்டாம் தாளில் வணிகச் சட்டத்திற்கு 60 மதிப்பெண்களும், வணிகக் கடிதப் போக்குவரத்து, அறிக்கை எழுதுதல் ஆகியவற்றிற்கு 40 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டன. குறிப்பெடுத்தல், சுருக்கி வரைதல், அலுவல் கடிதம், மின்னஞ்சல், தன்விவரக் குறிப்பு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகியவை பின்னைய பகுதியில் அடங்கியிருந்தன. தேர்ச்சி பெற ஒவ்வொரு தாளிலும் 40 விழுக்காடும், நான்கு தாள்களிலும் சேர்த்து 50 விழுக்காடும் வேண்டும்.

இவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. சட்டப் பகுதியில் 32 பெற்றவர் மற்றப் பகுதியில் 8 மட்டுமே பெற்றாலும் தாளில் 40 கிடைத்துவிடும். தப்பித்துவிட்டதாக அவர் எண்ணக்கூடும். ஆனால் 400-க்கு 200 என்னும் மொத்தக் கணக்கு அவரை விடுவதில்லை. மூன்றாம், நான்காம் தாள்கள் கொள்குறி வகையைச் சேர்ந்தவை. அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படும். தவறாக எழுதியதற்காக எதுவும் கழிக்கப்படாத எழுத்துப் பகுதியில் 8-க்குப் பதிலாக 24 பெற்றிருந்தால் மொத்தத்தில் 16 மதிப்பெண்கள் கூடியிருக்கும். ஒவ்வொரு தாளிலும் தேறி, மொத்தத்தில் 190 பெற்றுத் தவறிய ஒருவருக்கு அந்த 16 மதிப்பெண்களின் அருமை விளங்கும்.

வினாவில் உள்ளது, விடையில் இல்லாதது

மதிப்பெண் குறையும் இடத்தைக் காண ஒரு மாதிரி வினாவை நோக்குவோம். புவனேசுவரத்திலுள்ள காலணி வணிகர் ஒருவர் கான்பூர் உற்பத்தியாளரிடம் 500 ஜோடிக் காலணிகள் கேட்டிருந்தார். வந்து சேர்ந்தவை 460. அவற்றுள் 28 ஜோடிகள் ஈரத்தில் பழுதடைந்துள்ளன. பண்டிகை விற்பனை தொடங்க 20 நாட்களே உள்ளன. வணிகரின் சார்பில் கடிதம் எழுத வேண்டும்.

மாணவர் எழுதும் விடையில் முகவரிகளும் பொருள் வரியும் அவ்வவற்றிற்குரிய இடத்தில் இருக்கும். பிறகு, பொருள்கள் குறைவாகவும் பழுதடைந்தும் வந்தது குறித்து வருந்துவதாக ஒரு வாக்கியம். இது நிறுவனத்தின் நற்பெயரைப் பாதிக்கும் என்று மற்றொன்று. தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொண்டு முடிவு. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். ஆயினும் அக்கடிதத்தைப் பெறும் கான்பூர் எழுத்தர் என்ன செய்வார்? எந்த ஆர்டர், எந்தத் தேதி, எத்தனை ஜோடி என்று திருப்பிக் கேட்டு எழுதுவார். அதற்குள் 20 நாட்களில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

குறைந்தவை 40, பழுதடைந்தவை 28. ஆக 68 ஜோடிகள் அனுப்பப்பட வேண்டும். இந்தக் கூட்டல் வினாவில் செய்து தரப்படவில்லை. எழுதுபவரே செய்ய வேண்டும். மாற்றுப் பொருள் வேண்டுமா, தொகையைக் கணக்கில் வரவு வைத்தால் போதுமா, எந்நாளுக்குள் வேண்டும், பழுதானவற்றை யார் செலவில் திருப்பி அனுப்புவது ஆகியவையும் அவ்வாறே. கடிதத்தின் உயிர் இவற்றில்தான் இருக்கிறது. வடிவத்திற்குரிய மதிப்பெண்ணைப் பெற்ற மாணவர் உள்ளடக்கத்திற்குரியதை இழப்பதன் காரணமும் இதுவே.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பிலும் இதே குறைபாடு வேறு உருவில் தோன்றுகிறது. தலைவர் இவ்வாறு கூறினார், உறுப்பினர் அதனை மறுத்தார் என்று நாடக உரையாடல் போல எழுதிச் செல்லும் மாணவர், எடுக்கப்பட்ட முடிவு என்ன, அதை நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது, எந்நாளுக்குள் என்ற மூன்றையும் விட்டுவிடுகிறார். செயப்பாட்டு வினையில் எழுதினால் அலுவல் நடை வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இதற்குத் துணை போகிறது. "முடிவு செய்யப்பட்டது" என்று எழுதும்போது செய்ய வேண்டியவர் மறைந்துவிடுகிறார். அலுவலகங்களில் பணியாற்றுவோருக்கு இது புதிய செய்தியாக இராது.

சுருக்கி வரைதலில், மூலத்தின் முதல் வாக்கியத்தையும் இறுதி வாக்கியத்தையும் பெயர்த்தெடுத்து, இடையில் இரண்டைச் சேர்த்துவிடுவோர் பலர். சொல் எண்ணிக்கை சரியாக இருக்கும். கருத்துத் தொடர்ச்சி இராது.

மொழியின் பங்கு

மொழித் தடையே இல்லை என்று கூறுவதற்கில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தாய்மொழியில் பயின்று, பிறகு ஆங்கிலத்தில் கடிதம் எழுத நேரும் மாணவரின் இடர்ப்பாடு உண்மையானது. அவர் பற்றுக்கோடாகக் கொள்வது பழைய அலுவலக ஆங்கிலத்தின் தேய்ந்த தொடர்களை. நம் அலுவலகத் தமிழின் "ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்பதற்கு நிகரான தொடர்கள் அவை. பிழையற்றவை என்பதால் பாதுகாப்பாகத் தோன்றுகின்றன; ஆயினும் எது ஆவன என்பதை அவை சொல்வதில்லை. மறுபுறம், சரளமாக ஆங்கிலம் எழுதும் மாணவர் தேவைக்கு மேல் எழுதி, கேட்க வேண்டியதைக் கடைசிப் பத்தியில் புதைத்துவிடுகிறார். இருவரிடமும் உள்ள குறை ஒன்றே. படிப்பவரை மனத்தில் நிறுத்தி எழுதும் பழக்கம் இருவருக்கும் இல்லை.

தேர்வுக்குப் பின் கழகம் மாதிரி விடைகளை வெளியிடுகிறது. தேர்வு எழுதியோரின் குறைகள் பற்றிய தேர்வாளர் கருத்துரைகளையும் வெளியிட்டு வந்துள்ளது. மாணவர்கள் நாடிச் செல்வது முன்னதையே. பிறருடைய கடிதத்தை மனப்பாடம் செய்வதைவிட, பிறருடைய பிழைகளை அறிந்துகொள்வது கூடுதல் பயன் தரும் என்பதை ஆசிரியர்களும் வலியுறுத்துவதாகத் தெரியவில்லை.

மறைந்துவரும் எழுத்துத் தேர்வு

பட்டயக் கணக்காளர் கழகத்தின் புதிய கல்வித் திட்டத்தில் மேற்கூறிய 40 மதிப்பெண் பகுதி நீக்கப்பட்டது. 2024 ஜூன் தேர்விலிருந்து இரண்டாம் தாள் முழுவதும் வணிகச் சட்டமே. கம்பெனிச் செயலாளர் படிப்பிற்கு 2020 முதல் நடைபெறும் நுழைவுத் தேர்வில் வணிகத் தகவல் தொடர்புக்கு 50 மதிப்பெண்கள் உண்டு. ஆனால் வினாக்கள் கொள்குறி வகையைச் சேர்ந்தவை. பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கான தேர்வில் 2016-இல் கடிதம், கட்டுரை, சுருக்கி வரைதல் அடங்கிய 100 மதிப்பெண் தாளைச் சேர்த்தது. 2022 தேர்விலிருந்து அது கைவிடப்பட்டது. இலட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் கடிதங்களைத் திருத்துவது கடினம் என்பதும், இரு தேர்வாளர் ஒரே கடிதத்திற்கு ஒரே மதிப்பெண் இடுவது அரிது என்பதும் மறுக்க முடியாதவை. எனினும் நான்கு வாக்கியங்களுள் சரியானதைத் தெரிந்தெடுக்கும் திறனும், 68 ஜோடிக் காலணிகளைக் கேட்டுப் பெறும் திறனும் ஒன்றல்ல. முன்னர் விடைத்தாளில் வெளிப்பட்ட குறை இனி அலுவலக மேசையில்தான் வெளிப்படும்.

ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் இதற்கு மாறான ஏற்பாடு நிலைத்திருக்கிறது. முதன்மைத் தேர்வின் ஆங்கிலத் தாளும் இந்திய மொழித் தாளும் ஒவ்வொன்றும் 300 மதிப்பெண்கள் கொண்டவை. இரண்டிலும் சுருக்கி வரைதல் உண்டு. இந்த மதிப்பெண்கள் தர வரிசையில் சேர்க்கப்படுவதில்லை. ஆனால் 25 விழுக்காடு பெறாதவரின் மற்றத் தாள்கள் கணக்கில் கொள்ளப்படா.

தேர்வு முறை எதுவாயினும், கல்லூரி வகுப்பறையில் செலவின்றிச் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. ஒரு மாணவர் எழுதிய கடிதத்தை ஆசிரியர் திருத்துமுன் மற்றொரு மாணவரிடம் கொடுக்கலாம். அவரிடம் வினாத்தாள் இருக்கக் கூடாது. கடிதத்தை மட்டும் படித்து, பெறுநராகிய தாம் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் ஒரே வரியில் எழுத வேண்டும். "எத்தனை ஜோடி, எந்த ஆர்டர்?" என்ற கேள்வியே அந்த வரியில் வருமானால், கடிதம் எழுதியவரிடமே திரும்பிச் செல்லும்.