சீழ்பிடித்த எலும்புக்குள் மருந்து

சென்னைப் புறநகரான பம்மல், நாகல்கேணி வட்டாரத்துத் தோல் தொழிற்சாலைகளில் பதனிடப்படும் தோல் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். நம் எலும்பின் அடிப்படைச் சட்டகமும் அதே புரதம்தான். அதில் கால்சியம் பாஸ்பேட் படிந்துதான் எலும்பு கெட்டிப்படுகிறது. கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு என்று 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். சீழ்பிடித்த எலும்பைக் காப்பாற்ற இன்று கொலாஜன், கால்சியம் பாஸ்பேட் ஆகிய இவ்விரு பொருள்களும் கைகொடுக்கின்றன.

ஜிஎஸ்டி சாலை விபத்தில் சதை கிழிந்து கால் எலும்பு முறிகிறது. உள்ளே புகும் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள், முறிவைச் சேர்க்கப் பொருத்திய பிளேட்டின் மேலும் செத்த எலும்பின் மேலும் படலம் கட்டி ஒளிந்துகொள்கின்றன. மாத்திரையும் ஊசியும் ரத்தத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். செத்த எலும்பில் ரத்த ஓட்டமே கிடையாது. ஆறியதாக நினைத்த புண் மாதங்கள் கழித்து மறுபடி சீழ் வடிப்பது இதனால்தான்.

ஆகவே செத்த எலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியிலேயே மருந்தை வைக்கிறார்கள். ரத்தம் கொண்டுசேர்ப்பதைவிடப் பல மடங்கு மருந்து அங்கே நிற்கும். சிறுநீரகத்துக்கும் சுமை குறைவு. 1970களில் ஜெர்மனியில் ஜென்டாமைசின் கலந்த எலும்பு சிமெண்ட் இப்படித்தான் பரவியது. ஆனால் சிமெண்ட் கரையாது. மணிகளாகக் கோத்து வைத்தால் பிறகு வெளியே எடுக்க இன்னோர் அறுவை சிகிச்சை வேண்டும். தினக்கூலிக்காரருக்கு அது இன்னும் சில வாரச் சம்பள இழப்பு. கரையும் பொருள்களை நான் பெரிதாக மதிப்பது இதற்காகவே.

அவற்றுள் பழையது, மாவுக்கட்டுக்குப் பயன்படும் கால்சியம் சல்பேட். 1892லேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் அதில் பினாயில் வகைக் கிருமிநாசினியான பீனால் கலந்து எலும்புக் குழிகளை அடைத்திருக்கிறார். இன்று ஆன்டிபயாடிக் கலந்து வைக்கிறார்கள். சில வாரங்களில் கரைந்துவிடும். எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் மெதுவாகத்தான் கரையும். புது எலும்பு அதைப் பற்றிக்கொண்டு வளரும். இதை முட்டை ஓட்டிலிருந்தே தயாரிக்கலாம் என்று சென்னை ஐஐடியில் டி.எஸ். சம்பத் குமார் குழுவினர் காட்டினார்கள். மருந்தூறிய கொலாஜன் பஞ்சும் உண்டு.

சுரண்டியெடுப்பது அரைகுறையானால் எந்தப் பொருளும் உதவாது. எந்தக் கிருமி என்று கல்ச்சர் பரிசோதனையில் தெரிந்தால்தான் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும். சர்க்கரை கட்டுப்பட வேண்டும், புகை கூடாது. கால்சியம் சல்பேட் கரையும்போது தையல் வழியே நீர் கசியக்கூடும். அது சீழா, வெறும் நீரா என்பதை வீட்டிலிருந்தே முடிவுசெய்யாமல், கட்டைப் பிரித்துப் பார்க்க மருத்துவரிடமே போய்விடுங்கள்.