டூர் பில்லை கடைக் கணக்கில் காட்டினா வரி மிச்சமா? சிறு வியாபாரிகளே உஷார்!

மதுரை,

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாச்சுன்னா போதும், கடைக்காரர் வீட்டிலும் "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்து விடும். அப்போது பக்கத்துக் கடைக்காரர் ஒரு யோசனை சொல்வார். "போயிட்டு வந்து லாட்ஜ் பில், டிக்கெட் எல்லாத்தையும் கடைச் செலவுன்னு ஆடிட்டர்கிட்ட கொடுத்துடு. வரி மிச்சம்!"

இது செல்லாது. வியாபாரத்துக்காக மட்டுமே செய்த செலவைத் தான் வருமான வரிச் சட்டம் கழிக்க விடும். விருதுநகருக்கு பருப்பு வாங்கப் போன பஸ் செலவு சேரும். பொண்டாட்டி, பிள்ளைகளோடு கொடைக்கானல் போன செலவு சேராது.

பெரும்பாலான சின்னக் கடைகளுக்கு இந்தப் பொய்க் கணக்கே தேவையில்லை என்பது தான் வேடிக்கை. ஆண்டு விற்பனை ரூ.2 கோடிக்குள் இருந்தால் பேரேடு எழுதாமலே, ரொக்க விற்பனையில் 8 சதவீதம், யு.பி.ஐ., பேங்க் வழியே வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டலாம். (நிஜ லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைத் தான் காட்டணும்.) வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் இதிலேயே அடக்கம். தனியாக எந்தச் செலவையும் கழிக்க முடியாது. அப்புறம் டூர் பில் எதுக்கு? கமிஷன் மண்டிக்காரர்களுக்கு மட்டும் இந்த வழி கிடையாது.

ஒரு பாத்திரக்கடையில் வருஷத்துக்கு ரூ.36 லட்சம் விற்பனை, பாதி ரொக்கம், பாதி யு.பி.ஐ. என்று வைத்துக் கொள்வோம். லாபக் கணக்கு ரூ.1.44 லட்சம், ரூ.1.08 லட்சம். ஆக மொத்தம் ரூ.2.52 லட்சம். 2025-26 முதல் புதிய வரி முறையில் ரூ.12 லட்சம் வருமானம் வரை வரி இல்லை. கட்ட வேண்டியது பூஜ்யம்! ஆனாலும் ரிட்டர்ன் போட்டு வைப்பது நல்லது. பேங்க்கில் கடன் கேட்டால் முதலில் கேட்பதே அதைத் தான்.

2025 ஜூலையில் கர்நாடகாவில் யு.பி.ஐ. வரவைப் பார்த்து சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் போனது. பயந்து போன பெங்களூரு கடைக்காரர்கள் "ரொக்கம் மட்டும்" என்று போர்டு மாட்டினார்கள். அது ஜி.எஸ்.டி. விவகாரம். சரக்கு விற்பனை ரூ.40 லட்சம் தாண்டினால், ரொக்கமோ யு.பி.ஐ.யோ, ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்யணும். வெறும் காய்கறி மட்டும் விற்பவருக்கு அதுவும் வேண்டாம்.

சரி, டூர் செலவை எங்கே குறைப்பது? டிக்கெட்டிலும் ரூமிலும் தான்.

2025 ஏப்ரல் 6-ந்தேதி புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு மதுரையில் இருந்து ராமேஸ்வரத்துக்கு மறுபடியும் ரெயிலிலேயே போகலாம். பாசஞ்சர் ரெயில் டிக்கெட், பஸ் கட்டணத்தில் பாதிகூட வராது. 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. 5 முதல் 11 வயது வரை பாதி டிக்கெட். ஆனால் ரிசர்வ் செய்து தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். ஸ்லீப்பருக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஏ.சி. பெட்டிக்கு 5 சதவீதம் உண்டு.

லாட்ஜில் பில்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரையுள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 12-ல் இருந்து 5 சதவீதமாக 2025 செப்டம்பர் 22-ந்தேதி குறைந்து விட்டது. ஆயிரம் ரூபாய் ரூமுக்கு 120 ரூபாய் வரி போட்டிருந்தால், "50 தானே அண்ணே?" என்று தயங்காமல் கேளுங்கள்.